ஏழு வரை

கருப்புத் தட்டில் பதினைந்து சில்லுகள்.
நீலத்தில் தொடங்கி, நிறத்துக்குப் பக்கத்து நிறமாக
அடுக்கச் சொன்னாள் கண் மருத்துவமனைப் பெண்.
அடுக்கினேன். அழகாகவே வந்ததாகப் பட்டது.
அவள் ஒவ்வொன்றாகத் திருப்பி
அடியில் இருந்த எண்ணைப் படித்தாள்:
ஒன்று, இரண்டு, பதினைந்து, மூன்று, பதினான்கு
அதற்குப் பிறகு சத்தமாகப் படிக்கவில்லை.

பதினோரு வருடம்.
ஊஸ்தியில் டிராலிபஸ் ஓட்டினேன்.
இரவுப் பணிக்கு முன் ஒரு கோடு,
மலையேற்றத்துக்கு முன் இன்னொரு கோடு.
தெருவில் அதற்கு இஞ்சி ரொட்டி என்று பெயர்,
குழந்தைக்கு வாங்கிப் போகிற பண்டம்போல.
முதல் வருடம் எல்லாமே கூர்மை.
கம்பியில் உறைந்த பனி முள் முள்ளாக,
லாபே நதியில் சரக்குப் படகின் துரு செதில் செதிலாக.
உலகத்தை யாரோ துடைத்து வைத்திருந்தார்கள்.
துடைத்தவன் கூலி கேட்டு வருவான் என்று
எனக்குத் தோன்றவேயில்லை.

பிறகு அசைவுகளுக்கு வால் முளைத்தது.
கடந்துபோன கார் கடந்தபடியே இருந்தது.
அணைத்த விளக்கு தன் இடத்தைக் காலிசெய்ய மறுத்தது.
வெள்ளைச் சுவர் மணலாக ஊர்ந்தது.
அப்புறம் அவன் வந்தான்,
என் இடது கடைக்கண்ணில் வாடகையில்லாமல் குடியேறினான்.

முகம் கிடையாது. கோட்டு உண்டு.
நேராகத் திரும்பினால் தூணாகிவிடுவான்,
தபால்பெட்டியாகிவிடுவான்.
அரண்டவன் கண்ணுக்குத்தானே இருண்டதெல்லாம் பேய்?
நான் அரளவில்லை.
வணக்கம் சொல்லிப் பழகிவிட்டேன்.
ஒருநாள் சமையலறையில்
என் மகளின் தோளைத் தாண்டி அவனுக்குச் சொன்னேன்.
அவள் திரும்பிப் பார்த்தாள்.
பிறகு என்னைப் பார்த்தாள்.
அந்தக் கோடையில் வெந்துல்கா
அம்மாவோடு பில்சனுக்குப் போய்விட்டாள்.

பிப்ரவரி, விடிவதற்கு முன்,
அவன் சாலையில் இறங்கினான்.
முழு பிரேக்.
சாலை காலி.
உள்ளே, பேக்கரி வேலைக்குப் போகிற திருமதி ஹவ்ரான்கோவா
மணிக்கட்டைப் பிடித்தபடி தரையில் உட்கார்ந்திருந்தார்.
திட்டவில்லை.
“யாருக்கும் அடிபட்டுவிடவில்லையே?” என்றார்.

நிறுத்தி மூன்று வருடமாகிறது.
மருத்துவர் ஒரு சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்:
கண்ணாடி போட்டுச் சரிசெய்கிற குறை இல்லை.
இருட்டு எது வெளிச்சம் எது,
அசைவது எது அசையாதது எது என்று
விழித்திரையிலும் அதற்குப் பின்னாலும்
பங்கு பிரிக்க உதவுகிற டோபமினை
நீங்கள் முன்கூட்டியே வாங்கிச் செலவழித்துவிட்டீர்கள்.
திரும்பி வருமா?
கொஞ்சம் வரும் என்றார்.
அந்தக் கொஞ்சத்துக்கு அவர் படம் போடவில்லை.

அதனால் ஒரு விதி வைத்திருக்கிறேன்.
ஓரத்தில் யார் வந்து நின்றாலும்
திரும்பாமல் ஏழு வரை எண்ணுவது.
பொய்களுக்குப் பொறுமை போதாது,
ஐந்துக்குள் கலைந்துவிடும்.
தூங்காத நாளென்றால் ஆறு.

இன்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன்.
கதவோரம் ஒரு கோட்டு.
ஒன்று. இரண்டு.
மூன்று.
கத்தியைக் கீழே வைத்தேன்.
நான்கு, ஐந்து.
ஆறில் ஈரக் கம்பளி வாசனை வந்தது.
இத்தனை வருடத்தில் அவனுக்கு
வாசனை இருந்ததேயில்லை.
ஏழு.
எட்டு.
எட்டுக்கு என்னிடம் விதி எதுவும் இல்லை.

“உதடு அசைகிறதே அப்பா,
ஜெபமா?”

நான்கு வருடம் வளர்ந்த குரல்.
திரும்பினேன். தூணாகவில்லை.
கோட்டு என்ன நிறம், சொல் பார்ப்போம் என்றாள்,
சின்ன வயதில் நான் அவளைக் கேட்ட மாதிரியே.
பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன்.
பச்சை, என்றேன்.
அவள் சரியென்றும் சொல்லவில்லை, தப்பென்றும் சொல்லவில்லை.
கழற்றிக் கொக்கியில் மாட்டிவிட்டு
மீதிக் கிழங்கைச் சீவ உட்கார்ந்தாள்.

கோட்டு என் இடது ஓரத்தில் தொங்குகிறது.
நாற்பது.
நாற்பத்தொன்று.